பத்துக்குப் பத்து!

வென்றவனுக்கு மாலை உண்டு, மேளம் உண்டு, மேடை உண்டு. தோற்றவனுக்கு என்ன உண்டு? டீக்கடை உண்டு! அந்த டீக்கடையிலே ஒரு பெஞ்சு உண்டு. பெஞ்சிலே நாலு பேர் உண்டு. நாலு பேர் வாயிலே நாற்பது கேலி உண்டு. அந்த நாற்பதையும் தாங்கிக்கொண்டு, நாற்பத்தோராவது கேலியைத் தன்மீது தானே சொல்லிச் சிரிக்கிறானே ஒருவன், அவனைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

"விலைவாசி இருக்க, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்க, விளையாட்டைப் பற்றியா எழுதுவது?" என்று முகம் சுளிக்கும் தோழரும் இருப்பார். பொறுங்கள். விளையாட்டிலே தொடங்குகிறேன், அது எங்கே போய் நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு சினந்து கொள்ளுங்கள்.

2025ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் பந்தயத்திலே சென்னை சூப்பர் கிங்ஸ் அணி என்ன ஆயிற்று என்பது நாடறிந்த கதை. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து முறை கோப்பையைத் தூக்கிய அணி அது. அந்த அணி 14 ஆட்டம் ஆடிற்று, 4 வென்றது, 10 தோற்றது, பத்து அணிகளிலே பத்தாவது அணியாக நின்றது. 2008இல் பந்தயம் தொடங்கிய நாள் முதல் கடைசிப் படியிலே அது உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அரியணையிலே இருந்தவன் திண்ணைக்கு வந்தான் என்பார்களே, அந்தக் கதை!

அந்தச் சேதி செஞ்சிக்கு வந்தது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையிலே, ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் சந்திரகிரி என்று மூன்று மலைகளும் காவலர்போல் நிற்கும் ஊர். மார்க்கெட் கமிட்டிக்கு நெல் வரும் நாளிலே மூட்டையும் வண்டியும் முண்டியடிக்கும் ஊர். அங்கே டீக்கடையிலே கூடுகிறவர்கள் யார்? மூட்டை தூக்குகிறவர், கொத்தனார், ஆட்டோ ஓட்டுகிறவர், நெல் வியாபாரி, கல்லூரிக்குப் போகும் பையன். இவர்களிலே சிலர் மஞ்சள் சட்டைக் கட்சி. சிலர் பெங்களூரின் சிவப்புச் சட்டைக் கட்சி. சிலர் எந்தச் சட்டையும் போடாமல் எல்லாரையும் கேலி செய்யும் கட்சி!

மஞ்சள் சட்டையோடு பையன் வருகிறான். பேச்சு இப்படித்தான் போகும்.

"வாப்பா, வா! மஞ்சக்காமாலை எப்படி இருக்குது? கீழாநெல்லி குடிச்சியா?"

"என்னா மாமா, விஷயம் தெரியாம பேசறே? பத்துக்குப் பத்து வாங்கியிருக்கோம்! உம் பையன் கணக்குலே எவ்வளவு?"

கடையே சிரிக்கிறது. பத்தாவது இடத்தைப் பத்துக்குப் பத்து என்று மாற்றிவிட்டானே! தோல்வியை மறைக்கவில்லை, அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துத் தெருவிலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஆட்டோக்காரர் விடுகிறாரா? ராஜகிரியைக் கை நீட்டிக் காட்டுகிறார்.

"சேப்பாக்கம் கோட்டை, சேப்பாக்கம் கோட்டைன்னு சொன்னீங்களே! அதோ நிக்குது பார், அதுக்குப் பேரு கோட்டை. ஔரங்கசீப்பு படை எட்டு வருஷம் வந்து முட்டுச்சி. உங்க கோட்டைக்கு முப்பத்திநாலு நாள்லே அஞ்சு பேரு வந்து டீ குடிச்சிட்டுப் போயிட்டானே!"

கேலிதான்; ஆனால் கணக்குப் பிசகாத கேலி. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் 1690இல் செஞ்சியை முற்றுகையிட்டான், 1698இல்தான் பிடித்தான். சேப்பாக்கத்திலோ 2025 மார்ச் 28இல் பெங்களூர், ஏப்ரல் 5இல் டில்லி, 11இல் கொல்கத்தா, 25இல் ஐதராபாத், 30இல் பஞ்சாப் என்று ஐந்து அணிகள் அடுத்தடுத்து வந்து வென்று போயின. பெங்களூர் அணி சேப்பாக்கத்திலே சென்னையை வென்றது 2008க்குப் பிறகு அன்றைக்குத்தான். கொல்கத்தாவுக்கு எதிரே 20 ஓவர் முழுக்க ஆடிச் சென்னை எடுத்தது 103 ஓட்டம். அவர்கள் பத்து ஓவர் முடிந்து ஒரு பந்து வீசியதும் ஆட்டத்தை முடித்துக்கொண்டு பெட்டி கட்டினார்கள்.

கொத்தனார் தம் தொழிலிலிருந்தே எடுத்துப் போடுகிறார்: "பெங்களூர்க்காரனோட ஆடின அன்னிக்கு டோனியை ஒன்பதாவது ஆளா அனுப்பினாங்களே, ஞாபகம் இருக்குதா? மேஸ்திரியை ஒட்டடை அடிக்கிற அன்னிக்குக் கூப்பிட்டா வீடு எப்படிய்யா எழும்பும்?" அன்று டோனி 16 பந்துகளிலே 30 ஓட்டம் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார், அணியோ 50 ஓட்டத்திலே விழுந்தது.

மூட்டைக்காரர் சும்மா இருப்பாரா? "சாய் சுதர்சன் சென்னைப் புள்ளை. குஜராத்துக்கு ஆடி 759 ரன். அந்த வருஷம் அவனுக்கு மேலே எவனும் அடிக்கலே. நம்ம ஊரு நெல்லை வெளியூரு மில்லுக்கு ஏத்தி அனுப்பிட்டு, நாம பையைத் தூக்கிக்கினு ரேஷன் கடையிலே நிக்கறோம்!"

"அந்தக் குஜராத்தைத்தான் கடைசி ஆட்டத்திலே அவங்க ஊருக்கே போயி 83 ரன்லே சாய்ச்சோம்!" என்று நெஞ்சை நிமிர்த்துகிறான் பையன்.

"ஆமாம், கல்யாணம் முடிஞ்சி பந்தல் பிரிக்கிற அன்னிக்குத்தான் மாப்பிள்ளை வந்தாரு!"

சிவப்புச் சட்டைக்காரர் மட்டும் யோக்கியமா? 'இந்த ஆண்டு கோப்பை நமதே' என்று கன்னடத்திலே ஆண்டுதோறும் முழங்கி, ஆண்டுதோறும் வெறுங்கையோடு வந்தவர்கள்தானே! 2025 ஜூன் 3இல், பதினெட்டாவது பந்தயத்திலே, பஞ்சாபை 6 ஓட்டத்திலே வென்று அவர்கள் முதல் கோப்பையைப் பெற்றார்கள். அன்றைக்கு மஞ்சள் சட்டைப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? "வாழ்த்துகள் அண்ணே! பதினெட்டு முடிஞ்சிது. இனிமே ஓட்டுப் போடலாம்!"

ஜூலை வந்தது. மராட்டியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலே சேர்த்தது. அவற்றிலே தமிழ்நாட்டுக் கோட்டை ஒன்றே ஒன்று, அது நம் செஞ்சி. டீக்கடைக்கு இன்னொரு விருந்து! "பாத்தியா, நிஜக் கோட்டைக்குப் பட்டம் வந்துடுச்சி. உங்க கோட்டைக்கு எப்போ?" "எங்களதும் பழசாயிடுச்சின்னு நீதானே சொன்னே! அடுத்த பட்டியல்லே வரும், இரு!"

தோழர்களே! செஞ்சிக்காரனுக்குத் தோல்வியைக் கண்டு கூச்சம் ஏன் வரவேண்டும்? 1714இல் தேசிங்கு என்ற இருபது வயது கடந்த இளைஞன், ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையை ஒரு சிறு குதிரைப்படையோடு எதிர்த்து மாண்டான். வென்றவன் நவாபு. பாட்டு யார் மீது? தோற்ற தேசிங்கின் மீது! கூத்து யார் பெயரில்? மாண்ட தேசிங்கின் பெயரில்! மன்னர்களுக்குப் பல்லாண்டு பாட நான் வரவில்லை. மக்களின் மனத்தைக் காட்ட வந்தேன். கருவூலக் கணக்கு வென்றவன் பக்கம் எழுதப்படலாம். மக்கள் நாவோ, துணிந்து தோற்றவனையும் தூக்கி வைத்துக்கொள்ளும். அவன் புந்தேலர் மரபினன். அவனோடு மாண்ட உயிர்த்தோழன் முஸ்லிம் என்று பாடுகிறது நாட்டுப்பாடல். எங்கிருந்தோ வந்தவனைத் தேசிங்கு என்று தன்னவனாக்கிய அதே நாடுதான், ராஞ்சியிலிருந்து வந்தவரைத் 'தல' என்று தன்னவராக்கிக் கொண்டது.

இந்தச் சிரிப்பு செஞ்சிக்கு மட்டும் சொந்தமானதன்று. கடல் கடந்து அமெரிக்காவுக்கு வாருங்கள். அங்கே பேஸ்பால் என்றோர் ஆட்டம். உருண்டைக் கட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றி ஓடிவரும் ஆட்டம். நியூயார்க் நகரிலே புரூக்ளின் என்ற பகுதி. துறைமுகத் தொழிலாளரும், ஆலைத் தொழிலாளரும், பிழைக்க வந்த பல நாட்டவரும் நெருங்கி வாழ்ந்த இடம். அவர்களுடைய அணி டாட்ஜர்ஸ். எதிரணி அதே நகரின் செல்வாக்குமிக்க யாங்கீஸ். 1941இல் இறுதிப் பந்தயம், தோல்வி. 1947, தோல்வி. 1949, தோல்வி. 1952, தோல்வி. 1953, தோல்வி. ஐந்து முறையும் அதே யாங்கீசிடம்!

புரூக்ளின் மக்கள் அழுதார்களா? தங்கள் அணிக்குத் தாங்களே வைத்துக்கொண்ட செல்லப் பெயர் 'உதவாக்கரைகள்'! ஒவ்வோர் ஆண்டும் முடிவிலே அவர்கள் சொன்ன ஒரே சொல்: அடுத்த ஆண்டு வரட்டும்! ரசிகர்களிலே சிலர் ஒரு பேண்டு வாத்தியக் குழு வைத்திருந்தார்கள். சுருதி சேராத குழு. நடுவர்கள் மைதானத்துக்குள்ளே நுழையும்போது, குருட்டு எலிகளைப் பற்றிய குழந்தைப் பாட்டை வாசிப்பார்களாம்! 1955இல் அந்த 'அடுத்த ஆண்டு' வந்தே விட்டது; உதவாக்கரைகள் யாங்கீசை வென்றார்கள்.

சிகாகோ நகரின் கப்ஸ் அணியோ 1908இல் கோப்பை பெற்றது. அடுத்த கோப்பை 2016இல்! இடையிலே 108 ஆண்டுகள். 1945இல் ஒருவர் தம் ஆட்டுக்கடாவோடு ஆட்டம் பார்க்க வந்தாராம். ஆட்டை உள்ளே விடவில்லையாம். அவர் இட்ட சாபமாம்! வானளாவிய மாடி கட்டிய நாட்டிலும் ஆட்டுக்கடாவுக்கு இவ்வளவு ஆற்றல்! ஆனால் கோப்பை வந்தது ஆட்டுக்குப் பூசை போட்டா? இல்லை. இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்றுவித்து வந்தது.

சிரித்தது போதும். இனிச் சிந்திப்போம்.

கேலி என்பது என்ன? அது சமமானவர்களுக்குள்ளே நடக்கும் கொடுக்கல் வாங்கல். எசமானன் வேலையாளைப் பார்த்து எதையும் சொல்லலாம்; வேலையாள் வாய் திறக்கக்கூடாது என்றால், அதன் பெயர் கேலியன்று, இழிவு. வேலையாள் திருப்பிச் சொல்ல, எசமானன் அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியவனாகும் அன்றைக்குத்தான் அது கேலி. இப்போது செஞ்சி பெஞ்சைப் பாருங்கள். மூட்டை தூக்குகிறவர் நெல் வியாபாரியைப் பார்த்து, "என்னா முதலாளி, இந்த வருஷமும் உங்க டீமு ஈரநெல்லுதானா?" என்கிறார். முதலாளி முறைக்கவில்லை. "உங்க டீமு பதருய்யா, தூத்தினாப் பறந்துடும்!" என்கிறார். எடைக்கல்லின் முன்னே ஏறிட்டுப் பேசத் தயங்குகிறவர், இங்கே எதிர்க்கேள்வி போடுகிறார். இதைச் சிறிய செய்தி என்றா நினைக்கிறீர்கள்?

நினைவிருக்கட்டும், இது எந்த நாடு! உயர்சாதிக்குக் கண்ணாடி டம்ளர், சேரிக்காரருக்குத் தனி டம்ளர், அவருக்குப் பெஞ்சும் கிடையாது என்று டீக்கடையிலேயே வருணாசிரமம் நடத்திய நாடு. அந்த வழக்கம் எல்லா ஊரிலும் அடியோடு ஒழிந்துவிட்டது என்று மார்தட்டவும் முடியாது. இதே விழுப்புரம் மாவட்டத்திலே, மேல்பாதி என்ற ஊரிலே, பட்டியல் சாதி மக்கள் கோயிலுக்குள் நுழைவதை எதிர்த்து எழுந்த தகராறிலே, 2023 ஜூன் மாதம் கோயிலுக்கே பூட்டுப் போட்டு முத்திரை வைக்க நேர்ந்ததே!

விளையாட்டு மைதானமும் இதற்கு விலக்காக இருந்ததில்லை. பல்வங்கர் பாலு என்றொரு பந்து வீச்சாளர். தோல் வேலை செய்யும் குலம் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்திலே பிறந்தவர். புனாவிலே இந்துக்களின் கிரிக்கெட் சங்கம் அவரை அணியிலே சேர்த்துக்கொண்டது. விக்கெட் வேண்டும், ஆகவே மைதானத்துக்குள்ளே அவர் வேண்டும். டீ வேளை வந்ததும்? மற்றவர்களுக்குக் கூடத்துக்குள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, குடித்ததும் உடைத்தெறியும் மண்குவளை! 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியிலே நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய அந்தக் கைக்கு, தாயகத்திலே ஒரு பீங்கான் கோப்பை கிடைக்கவில்லை. அவர் தலைமை ஏற்க விடவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923இல் இந்துக்கள் அணிக்குத் தலைவரானார்.

புரூக்ளினின் உதவாக்கரைகளை நான் இவ்வளவு நேரம் பாராட்டியதும் இதற்காகத்தான். அமெரிக்கப் பெரும் பந்தயங்களிலே கறுப்பினத்தவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒதுக்கப்பட்டிருந்தனர். 1947 ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரைக் களத்திலே இறக்கி, அந்தச் சுவரை உடைத்த அணி டாட்ஜர்ஸ். எதிரணிகளிலிருந்து அவர்மீது வசை பொழிந்தது. கவனியுங்கள், வசை; கேலியன்று. பிறப்பைச் சுட்டுவது வசை. ஆட்டத்தைச் சுட்டுவது கேலி. பந்தைத் தவறவிட்டால், வெள்ளையரானாலும் கறுப்பரானாலும், 'அடே உதவாக்கரை' என்று ஒரே குரலிலே கூவக் கற்றதே புரூக்ளின் கூட்டம், அங்கேதான் சமத்துவம் இருந்தது!

எல்லாக் கேலியும் இனிக்கும் என்று நான் சொல்லவில்லை. 2022 அக்டோபரிலே அரியலூர் மாவட்டத்திலே நடந்ததை மறக்க முடியுமா? இரண்டு நண்பர்கள். ஒருவர் ஒரு வீரரின் ரசிகர். இன்னொருவர் வேறொரு வீரரின் ரசிகர். மதுவும் கேலியும் கலந்தன. பெங்களூர் அணியைப் பற்றித் தொடங்கிய கேலி, நண்பனின் திக்குவாயைத் தொட்டது என்று ஏடுகள் எழுதின. விடிந்தபோது ஒருவர் பிணம், ஒருவர் சிறை. எந்த வீரருக்காக மோதிக்கொண்டார்களோ, அந்த வீரர்கள் இருவரும் ஒரே இந்திய அணியிலே தோளிலே கை போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்!

வெற்றியும் வெறியானால் கொல்லும். பெங்களூர் அணி கோப்பை வென்ற மறுநாள், 2025 ஜூன் 4இல், சின்னசாமி மைதானத்தின் வாசலிலே கூட்ட நெரிசலிலே பதினொரு பேர் மாண்டனர். பதினேழு ஆண்டுத் தோல்வியிலே சாகாத ரசிகன், ஒருநாள் வெற்றியிலே செத்தான். என்ன கொடுமை!

ஆகவே, தோழர்களே, பெஞ்சுக்கும் ஒரு சட்டம் வேண்டும். அணியைக் கேலி செய். ஆளின் பிறப்பைத் தொடாதே. ஆட்டத்தைக் கேலி செய், உடற்குறையைத் தொடாதே. நண்பனைக் கேலி செய். அவன் வீட்டுப் பெண்களை இழுக்காதே. பந்தயம் கட்டுவாயானால் ஒரு டீக்கும் ஒரு பஜ்ஜிக்கும் கட்டு. கைப்பேசியிலே கூலியைக் கட்டாதே. பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022இல் சட்டமன்றத்திலே சட்டம் நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டிலே நாடாளுமன்றமும் தடைச் சட்டம் இயற்றியது. சட்டம் வருவதற்கு முன்னே எத்தனை வீட்டு அடுப்பு அணைந்தது! கூலியைத் தோற்றவனுக்குச் சிரிப்பு வராது. டீயைத் தோற்றவன்தான் சிரிப்பான்.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். வீரரை நேசியுங்கள், பூசை செய்யாதீர்கள். டோனி மட்டை பிடிக்க வரவேண்டும் என்பதற்காக, அவருக்கு முன்னே ஆடும் சொந்த அணிக்காரன் ஆட்டமிழந்தால் கைதட்டி விசிலடிக்கிறதே மஞ்சள் கூட்டம், இதைவிடப் பெரிய வேடிக்கை உண்டா? விளக்கை வணங்குவதற்காக வீட்டுக் கூரையைப் பிடுங்குகிற பக்தி அது! நல்லவேளை, இதையும் முதலில் கேலி செய்கிறவன் டீக்கடை மஞ்சள் சட்டைக்காரன்தான்.

அணி யாருடையது? சட்டப்படி முதலாளியுடையது. புரூக்ளின் மக்கள் உயிராக நினைத்த டாட்ஜர்சை, 1957 பந்தயம் முடிந்ததும் அதன் முதலாளி, நாட்டின் மறுகோடியிலுள்ள லாஸ் ஏஞ்சல்சுக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். 2013ஆம் ஆண்டுச் சூதாட்ட விவகாரத்தின் விளைவாக, 2016, 2017 ஆகிய இரண்டாண்டுகள் சென்னை அணி தடைபட்டுக் கிடந்தது. தப்பு மேலே நடந்தது, ஏக்கம் மட்டும் கேலரியிலே உட்கார்ந்தவனுக்கு! வீரர்களை ஏலத்திலே எடுக்கலாம். சட்டையின் மீது விளம்பரத்தை ஒட்டலாம். டிக்கெட்டின் விலையைக் கூலிக்காரனுக்கு எட்டாத உயரத்திலே வைக்கலாம். முதலாளிக்கு அணி சொத்து. மக்களுக்கு அது சொந்தம். சொத்தை விற்கலாம், சொந்தத்தை விற்க முடியுமா? கோப்பை போனாலும் போகாத அந்தக் கேலியை எந்த ஏலக்காரன் எடுப்பான்?

சேப்பாக்கத்திலே சென்னை இனி வெல்லலாம்; மறுபடியும் தோற்கலாம். அது ஆடுகிறவர்கள் பாடு. செஞ்சியிலே நாம் காக்க வேண்டியது வேறொன்று. எந்தத் தெருவிலிருந்து வந்தாய் என்று கேட்காத பெஞ்சு. எல்லார் கையிலும் ஒரே கண்ணாடி டம்ளர். சொல்கிறவனும் சிரிக்க, கேட்கிறவனும் சிரிக்க, மூட்டைக்காரர் சொல்லுக்கும் முதலாளி சொல்லுக்கும் ஒரே மதிப்பு. அப்படி ஒரு பெஞ்சு உங்கள் ஊரிலே இருக்கிறதா? இருந்தால் போய் உட்காருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே ஒன்றைப் போடுங்கள்.

அணி பத்தாவது இடத்துக்கு இறங்கட்டும், கவலை இல்லை. அந்தப் பெஞ்சுக்குப் போடுங்கள், பத்துக்குப் பத்து!